கீரிக்குட்டியும் ரப்பர் பால் பட்டனும்

முதலில் என் முட்டாள்தனத்தை நானே சொல்லிவிடுகிறேன். வேறு யாராவது சொன்னால் கூட்டித்தான் சொல்வார்கள். டீவி கேமின் கைப்பிடிக்குள் நான் ரப்பர் பால் ஊற்றினேன். கை தவறிச் சிந்தவில்லை. திட்டம் போட்டு, சிரட்டையில் எடுத்துவந்து, அசிட் சொட்டுவிட்டு, உறைய வைத்தேன். அப்போது எனக்குப் பதினாலு வயது. எட்டு வயது என்றால் மன்னித்துவிடுவீர்கள். அதனால்தான் இத்தனை வருஷமும் எட்டு என்றே சொல்லி வந்தேன்.

கண்ணாடியைத் தேடித் தேடி, கடைசியில் அது நெற்றிமேல் இருப்பதைக் கண்டுபிடிக்கிற வயதுக்கு வந்துவிட்டோம். இனிமேல் நம்மவர்களிடம் பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது?

நாங்கள் இருந்தது இலங்கையில், இரத்தினபுரிப் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில். குருவிட்டவில் பஸ் ஏறி, இறங்கி, மிச்சத்தைக் காலால் ஏற வேண்டும். அப்பா பால் வெட்டுகிறவர். விடியுமுன்னே டோர்ச்சை எடுத்துக்கொண்டு மலைக்குப் போவார். மழை பெய்தால் வெட்டு இல்லை, அன்றைக்கு வீட்டில் இருப்பார், வீட்டில் இருந்தால் எங்களுக்கு டீவி இல்லை. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் பக்கத்து மழை வருகிறேன் என்று சொல்லிவிட்டு வருகிற மழை இல்லை.

சின்னம்மா, அதாவது அம்மாவின் தங்கச்சி, வெளிநாட்டில் ஒரு வீட்டு வேலைக்குப் போயிருந்தார். சின்னப்பா எப்போதோ காலமாகிவிட்டதால் அவர்களுடைய ஒரே மகள் எங்கள் வீட்டில் இருந்தாள். எனக்குத் தங்கச்சி, ஒன்பது வயது. பக்கத்துச் சிங்களப் பள்ளிக்கூடத்தில் படித்ததால் எதை எண்ணினாலும் ஒன்று, இரண்டு, மூன்றுக்குப் பதிலாக எக்காய், தெக்காய், துனாய் என்றுதான் எண்ணுவாள். பேச்சு ரொம்பக் குறைவு. அவள் பேச வேண்டியதையும் சேர்த்து நானே பேசினேன்.

அந்த வருஷம் மழை தொடங்குகிற நேரம், ஊருக்குத் திரும்பி வந்த அடுத்த தோட்டத்து அக்கா ஒருவர் சின்னம்மா கொடுத்ததாக ஒரு பொட்டலத்தைக் கொண்டுவந்தார். குளிக்கிற துவாயில் சுற்றி ஒரு கறுப்புப் பெட்டி, வயர் போட்ட ஒரு கைப்பிடி, செங்கல் பாதி அளவில் ஒரு கேசட். அதோடு சின்னம்மா பேசிப் பதிந்த பாட்டுக் கேசட்டும் ஒன்று. அப்போதெல்லாம் கடிதத்தைவிடக் குரல்தான் வரும். அதை ரேடியோவில் போட்டு எல்லோரும் சுற்றி உட்கார்ந்து கேட்டோம். எல்லோருடைய சுகத்தையும் பேர் பேராக விசாரித்து முடித்த பிறகு சின்னம்மா மகளுக்கு இப்படிச் சொன்னார்.

“நான் வேல செய்ற வீட்டுப் புள்ளைங்க ஒரு கார்ட்டூன் படத்தத் தெனம் போடுதுங்க. ஒரு குட்டி, அம்மாவத் தொலைச்சிட்டு ஓடிக்கிட்டே இருக்கு. முடியப்போற நேரம் பாத்து மேடம் துணி மடிக்கக் கூப்புட்டுருவாங்க. அந்தப் படத்துக் கேம்தான் இது. பழசுன்னு தள்ளிட்டாங்க, கேட்டு எடுத்தேன். நீ வெளயாடி முடிச்சு, அந்தக் குட்டிக்கு அம்மா கெடச்சுச்சான்னு பாத்து வையி. போன்ல கேப்பேன்.”

தங்கச்சி அந்த இடத்தை மட்டும் திருப்பிப் போட்டுக் கேட்டாள். பிறகு துவாயை மடித்துத் தன் தலையணைக்குக் கீழே வைத்தாள். அதற்குப் பிறகு யாரையும் அதில் தலை துவட்ட விடவில்லை.

எங்கள் டீவி கறுப்பு வெள்ளை. மாற்றலாகிப் போன கிளாக்கர் ஐயாவிடமிருந்து அப்பா வாங்கியது. பெட்டியைப் பின்னால் சொருகி, ஸ்டேஷன் பிடிக்கிற குமிழைத் திருகித் திருகி, மழை மாதிரிப் புள்ளிகள் விலகியதும் ஒரு குட்டி வந்து நின்றது. நீள உடம்பு, குட்டைக் கால், தடித்த வால். என்ன மிருகம் என்று யாருக்கும் தெரியவில்லை. அப்பா பூனை என்றார். அம்மா எலி என்றார். நான் கீரி என்று தீர்ப்புச் சொன்னேன். எதிர்த்துப் பேச ஆள் இல்லாத வீட்டில் என் தீர்ப்பு நின்றுவிட்டது. அன்றிலிருந்து அது கீரிக்குட்டி.

ஓட வேண்டும், தாவ வேண்டும், பழம் தின்ன வேண்டும். அவ்வளவுதான் விளையாட்டு. பழத்தில் ஒன்று நல்லது, ஒன்று நஞ்சு. கலர் டீவியில் பார்த்தால் சிவப்பா பச்சையா என்று தெரிந்திருக்கும். எங்களுக்கு இரண்டும் ஒரே சாம்பல். ஆகவே எந்த மலையில் எத்தனையாவது பழம் நஞ்சு என்று தங்கச்சி மனப்பாடம் செய்தாள். மலை என்றேன் அல்லவா, கேமில் இருந்த ஒன்பது கட்டங்களுக்கும் தோட்டத்து வழக்கப்படி நம்பர் மலை என்றே பேர் வைத்திருந்தோம். ஒண்ணாம் நம்பர் மலை, ரெண்டாம் நம்பர் மலை. குட்டிக்கு மூன்று உயிர். அதை மூணு பேர் என்போம், காலையில் ஆட்களைக் கூட்டி நிறுத்துகிற பெரட்டுக் களத்தில் வேலைக்குப் பேர் போடுகிற மாதிரி. பாதி வழியில் செத்தால், அரைநாள் வேலைக்குப் போடுகிற மாதிரி, அரைப்பேர். நான் விளையாடினால் எப்போதும் அரைப்பேர்தான். நான் உட்கார்ந்தாலே தங்கச்சி எண்ணத் தொடங்கிவிடுவாள். துனாய் என்று சொன்னதும் கைப்பிடியை வாங்கிக்கொள்வாள், நான் ஏதோ கேட்டுக் கொடுத்த மாதிரி.

ஒரே ஒரு வில்லங்கம். விட்ட இடத்திலிருந்து தொடர முடியாது. பெட்டியை நிறுத்தினால் மறுபடி ஒண்ணாம் நம்பர் மலை. ஒன்பது மலையும் ஏறி முடிக்க மூன்று மணி நேரம் வேண்டும். அந்த மூன்று மணி நேரமும் கரண்ட் போகக்கூடாது, அப்பா வரக்கூடாது, இடி விழக்கூடாது. பக்கத்து லயத்து வீடொன்றில் ஒரு டீவி இடி விழுந்து கருகியதைப் பார்த்ததிலிருந்து, வானம் தொண்டையைக் கனைத்தாலே அப்பா பிளக்கைப் பிடுங்கிவிடுவார். எங்கள் ஊரில் மழைக்காலத்தில் வானத்துக்கு எப்போதும் தொண்டைக் கட்டுதான்.

இந்த நிலைமையில் நான் ஒரு சேவை செய்தேன். படத்தையே பார்த்துவிட்டேன் என்று சொன்னேன். இரத்தினபுரியில் ஒரு வீடியோக் கடை வாசலில் நின்று முழுதாகப் பார்த்தேன் என்று. கதையும் சொன்னேன். அம்மாக் கீரி ஒரு ராசா வீட்டில் சமையலுக்கு இருக்கிறது, குட்டி போய்க் கூட்டிக்கொண்டு வருகிறது. தங்கச்சி முழுதும் கேட்டுவிட்டு, “கீரி என்னா கலரு?” என்றாள்.

“வெள்ள.”

அவள் டீவி பக்கம் திரும்பிக்கொண்டாள்.

சின்னம்மாவின் போன் மாதத்தில் முதல் ஞாயிறு வரும். அதற்காக குருவிட்ட டவுனில், நானா என்று எல்லோரும் கூப்பிடுகிற முஸ்லிம் கடைக்காரரின் கொமினிகேஷன் கடைக்குப் போவோம். முதல் மாதத்துப் போனில் சின்னம்மா கேட்டதற்கு, “இன்னும் பாக்கலம்மா. அண்ணே சொல்றது பொய்யி. பாத்துட்டுச் சொல்றேன்,” என்றாள் தங்கச்சி. கண்ணாடிக் கூண்டுக்கு வெளியே நின்ற எனக்கும் அது நன்றாகவே கேட்டது. கடை நானாவுக்கும் கேட்டது. அவர் என்னைப் பார்த்துச் சிரித்ததை நான் இன்னும் மறக்கவில்லை.

அம்மா அப்பாவுக்கு இந்த விளையாட்டு பிடிக்கவில்லை. அவர்கள் கவலைப்பட்டது கரண்டைப் பற்றியோ படிப்பைப் பற்றியோ இல்லை. அவள் அழவில்லை என்பதுதான் அவர்கள் கவலை. அம்மாவை விட்டுவிட்டு இருக்கிற மற்றப் பிள்ளைகள் எல்லாம் ராத்திரியானால் விம்முகிறார்கள், சோறு வேண்டாம் என்கிறார்கள். இவள் நேரத்துக்குச் சாப்பிட்டாள், நேரத்துக்குத் தூங்கினாள், மற்ற நேரம் கேமில் கிடந்தாள். அம்மா என்னிடம் ரகசியமாகச் சொன்னார், இது கல் மனசு, தாய் நினைப்பே இல்லாத பிள்ளை என்று. நானும் பெரிய மனுசன் மாதிரி ஆமாம் போட்டேன். அவள் மணிக்கணக்காகச் செய்துகொண்டிருந்தது என்ன என்று எங்கள் மூன்று பேரில் ஒருத்தருக்காவது உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

இரண்டாவது மாதத்துப் போன் ஞாயிறும் வந்து போயிற்று. அந்தப் போனில் சின்னம்மா, ஒப்பந்தம் முடியப்போகிறது, இன்னும் இரண்டு வருஷம் இருக்கச் சொல்லி மேடம் கேட்கிறார், அடுத்த மாதம் பதில் சொல்ல வேண்டும் என்று அம்மாவிடம் சொன்னாராம். பஸ்ஸில் வரும்போது அம்மா இதை அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொண்டு வந்தார். தங்கச்சி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்தபடி வந்தாள்.

அடுத்த வாரம், எட்டாம் நம்பர் மலையில், தாவுகிற பட்டன் செத்துப்போயிற்று. அமுக்கினால் அமுங்குகிறது, கீரி தாவவில்லை. குழியைப் பார்த்ததும் தானாக இறங்கிச் சாகிறது.

அப்போதுதான் நான் எழுந்தேன். ரப்பர் தோட்டத்தில் பிறந்தவன் நான். கைப்பிடியைத் திருகிக் கழற்றிப் பார்த்தால், பட்டனுக்குக் கீழே சின்னதாக ஒரு ரப்பர் மூடி, கிழிந்திருக்கிறது. உலகமெல்லாம் ரப்பருக்கு நம்மிடம் வருகிறது, நாம் ஒரு மொச்சைக் கொட்டை அளவு ரப்பருக்கு அலைவதா? தங்கச்சி பள்ளிக்கூடத்திலிருந்து வருவதற்குள் சரி செய்து அசத்திவிட வேண்டும் என்று, அப்பாவின் வாளி அடியில் மிஞ்சிய பாலைச் சிரட்டையில் வடித்தேன். பாலை ஷீட் ஆக்குகிற தோட்டத்து ஸ்டோரில் கெஞ்சி, குப்பி மூடியில் கொஞ்சம் அசிட் வாங்கினேன். வெளியே அச்சுப் பிடித்து உள்ளே வைப்பது சாதாரண மூளைக்காரன் வேலை. நான் நேராகப் பட்டன் குழிக்குள்ளேயே ஊற்றினேன். அப்போதுதானே அளவு சரியாக இருக்கும்.

அளவு சரியாகத்தான் இருந்தது. பால் எங்கெல்லாம் போக முடியுமோ அங்கெல்லாம் போய், கைப்பிடி முழுதும் ஒரே கட்டியாக உறைந்தது. மூடிப் பொருத்திப் போட்டுப் பார்த்தேன். இடது பக்கப் பட்டன் அமுங்கியபடியே ஒட்டிக்கொண்டதால் கீரிக்குட்டி இடது பக்கமே நடந்தது. ஒண்ணாம் நம்பர் மலையின் தொடக்கத்தில் ஒரு பாறை இருக்கிறது. அதில் முட்டியது. முட்டி முட்டி நடந்துகொண்டே இருந்தது. வீடு முழுக்க, ஸ்டோர்க் கழிவு ஓடுகிற கானின் புளித்த வாடை. தங்கச்சி புத்தகப் பையோடு வாசலில் நின்று அதைப் பார்த்தாள்.

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். கைப்பிடியை என் கையிலிருந்து எடுத்துக்கொண்டு போய், மூலையில் உட்கார்ந்து, கொண்டை ஊசியால் கிளறத் தொடங்கினாள். இரண்டு நாள் கிளறினாள். ரப்பர் நூல் நூலாக வந்தது. வந்ததையெல்லாம் உருட்டி ஒரு பந்து செய்து ஜன்னலில் வைத்தாள், நான் பார்க்கிற மாதிரி. பாரு, இதுக்குக்கூட அழவில்லை என்றார் அம்மா.

எல்லாம் சுத்தமானது, ஆனால் தாவுகிற பட்டனுக்கு மூடி இல்லை. அதற்கு வழி அப்பாவிடமிருந்து வந்தது, அவருக்கே தெரியாமல். அவருடைய டோர்ச் பழசு, விட்டு விட்டு எரியும். தினமும் காலையில் சிகரெட் பெட்டிக்குள் இருக்கிற வெள்ளித்தாளை மடித்து பெட்டரிக்குப் பின்னால் சொருகி, தொடையில் ஒரு தட்டுத் தட்டுவார். எரியும். இதைப் பாயில் படுத்தபடி நானும் வருஷக்கணக்காகப் பார்த்திருக்கிறேன். அவளும் பார்த்திருக்கிறாள். நான் பார்த்தது அப்பாவின் தொடையை.

அவள் புகை போட்ட ரப்பர் ஷீட்டில் ஒரு துண்டைப் பருப்பு அளவுக்கு வெட்டினாள். அதன் அடியில் வெள்ளித்தாளை வைத்தாள். ஒட்டுவதற்கு என் சிரட்டையில் நான் புதிதாக வடித்துவந்த ஒரு சொட்டுப் பால். அந்த ஒரு சொட்டை வைத்துத்தான் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து சரி செய்தோம் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். கீரிக்குட்டி தாவியது. கொஞ்சம் தாமதித்துத் தாவியது, ஆனால் தாவியது. கைப்பிடியில் புகை வாசம் வந்தது.

மறுநாள் விடியற்காலையில் அப்பா டோர்ச்சைத் தட்டு தட்டென்று தட்டிவிட்டு, வெள்ளித்தாளை எடுத்தது யார் என்று கேட்டார். நான்தான் என்றேன். அந்த மழைக்காலத்தில் நான் சொன்ன பொய்களில் உருப்படியானது அது ஒன்றுதான். முதுகில் ஒன்று வாங்கினேன். தங்கச்சி பாயிலிருந்து என்னைப் பார்த்தாள். அன்றைக்கு எனக்கு மூணுக்குப் பதிலாக நாலு பேர் விளையாடக் கிடைத்தது.

மூன்றாவது போன் ஞாயிற்றுக்கு முந்திய சனிக்கிழமை. காலையில் வெயில், அப்பா வெட்டுக்குப் போனார், அம்மா புல் வெட்டப் போனார். தங்கச்சி முகம் கழுவி, தலை பின்னி, பரீட்சைக்கு உட்காருகிற மாதிரி உட்கார்ந்தாள். என்னைக் கைப்பிடியிலிருந்து ஒரு முழம் தள்ளி உட்கார வைத்தாள். ஐந்து மலை ஏறும்வரை நான் ஒரு வார்த்தை பேசவில்லை. இதை என் வீட்டுக்காரியிடம் சொன்னால் நம்ப மாட்டேன் என்கிறாள்.

எட்டாம் மலை முடிகிறபோது வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. பால் நிறுத்துக் கொடுத்துவிட்டு அப்பாவும் வந்து நின்றார். அவர் கால் வாசலுக்குள் வந்ததும் இடி. வழக்கம் போல அவர் கை நேராக பிளக்குக்குப் போயிற்று.

“புள்ள, இடி.”

“இன்னும் ஒரு மலதான் பெரியப்பா.” கண்ணை எடுக்காமல் சொன்னாள்.

அப்பா பிளக்கைப் பிடித்தபடி டீவியைப் பார்த்தார். கிண்டலாகத்தான் கேட்டார். “அந்தப் பூன எங்கதான் ஓடுது இத்தன நாளா?”

“அதோட அம்மாகிட்ட.”

அப்பா என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன். அவர் பிளக்கை விடாமலேயே மெதுவாகக் குந்தினார். அடுத்த இடி எங்கள் தகரக் கூரையைப் பிடித்து உலுக்கியது.

“அது ரத்னபுரிப் பக்கம்,” என்றார் அப்பா. “தூரந்தான். நீ ஓடு.”

எனக்குப் பொய் சொல்லுகிற திறமை எங்கேயிருந்து வந்தது என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

ஒன்பதாம் மலையில் இரண்டு பேர் போயிற்று. தங்கச்சி வாய்க்குள் தெக்காய் என்றாள். கடைசிப் பேர். ஒரு பெரிய குழி, அந்தப் பக்கம் ஒரு ஆறு. பட்டன் தாமதிக்கும் என்று தெரிந்து, விளிம்புக்கு ஒரு அடி முன்னாலேயே அமுக்கினாள். கீரிக்குட்டி விளிம்புவரை ஓடி, அங்கே போய்த்தான் தாவியது.

ஆற்றுக் கரையில் பெரிய கீரி ஒன்று திரும்பிப் பார்த்தது. இரண்டும் மூக்கோடு மூக்கு வைத்துக்கொண்டன. ஒரு சின்னப் பாட்டு. நான் கை தட்ட எழுந்தேன், எழுந்து முடிப்பதற்குள் படம் போயிற்று. மறுபடி ஒண்ணாம் நம்பர் மலை. பாறைக்குப் பக்கத்தில் குட்டி தனியாக நின்றது.

“என்னா, திரும்பவுமா?” என்றார் அப்பா.

தங்கச்சி கைப்பிடியைக் கீழே வைத்தாள். அப்பா பிளக்கை இழுத்தார். அவர் உள்ளங்கையில் பிளக்கின் அச்சு பதிந்திருந்தது.

மறுநாள் நானாவின் கடையில் முதலில் பேசியது அம்மா. கூண்டுக்கதவைத் திறந்து வைத்திருந்ததால் எல்லாம் கேட்டது. புள்ள நல்லா இருக்கு, நல்லா சாப்புடுது, ஒன் நெனப்பே இல்லாம வெளயாடுது, நீ கவலப்படாம இன்னும் ரெண்டு வருஷம் இருந்துட்டு வா என்றார். சின்னம்மாவுக்கு ஆறுதல் சொல்வதாகத்தான் அவர் நினைத்தார். தூரத்தில் இருக்கிற ஒருத்தியிடம் உன் பிள்ளை உன்னைத் தேடவில்லை என்று சொல்வது எப்படிப்பட்ட ஆறுதல் என்று இப்போது நினைத்துப் பார்க்கிறேன்.

பிறகு தங்கச்சி ரிசீவரை இரண்டு கையாலும் வாங்கினாள்.

“அம்மா, பாத்துட்டேன். அதுக்கு அம்மா கெடச்சிருச்சு. மூக்கோட மூக்கு வச்சிக்கிச்சுங்க.” கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். “இல்லம்மா. அது கொஞ்ச நேரந்தான். பொறவு திரும்ப ஒண்ணாம் நம்பர் மலையில இருந்து அது தனியா ஓடணும்.”

அந்தப் பக்கம் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. லைன் போயிருச்சா என்று நானாவே எட்டிப் பார்த்தார். தங்கச்சி இல்லை என்று தலையாட்டிவிட்டு ரிசீவரை அம்மாவிடம் நீட்டினாள். அம்மா கேட்டுக்கொண்டே ஸ்டூலில் உட்கார்ந்தார். சரி, சரி என்று மட்டும் சொன்னார். திரும்பும்போது பஸ் முழுக் கூட்டம். அம்மாவுக்கு மட்டும் இடம் கிடைத்தது. ஒன்பது வயதுப் பிள்ளையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார், தோட்டத்துப் பாதை வரும்வரை இறக்கவே இல்லை. தங்கச்சி அப்போதுதான் அழுதாள். கொண்டக்டர் டிக்கெட் கொடுக்க வந்து, கொடுக்காமல் பின்னால் போய்விட்டார்.

தீபாவளிக்கு முந்திய கிழமை சின்னம்மா வந்துவிட்டார். வந்த மறுநாளே தங்கச்சி அவரை டீவி முன் உட்கார வைத்து ஒன்பது மலையும் ஏறிக் காட்டினாள். மூன்று மணி நேரம், துணி மடிக்க யாரும் கூப்பிடவில்லை. முடிவைப் பார்த்துவிட்டு சின்னம்மா, “இவ்வளவுதானா?” என்றார். மறுபடி குட்டி பாறைக்குப் பக்கத்தில் வந்து நின்றபோது எட்டிக் கையை நீட்டி அவரே டீவியை நிறுத்தினார். அதற்குப் பிறகு அவர் வெளிநாட்டுக்குத் திரும்பிப் போகவில்லை. வருஷங்கள் கழித்து, அந்தப் போன்தானே காரணம் என்று நான் பெருமையாகக் கேட்டேன். முதுகு வலி என்று சொல்லிவிட்டார். இரண்டில் எது உண்மை என்று நீங்கள் முடிவு செய்துகொள்ளுங்கள். எங்கள் குடும்பத்தில் யார் சொல்வதையும் அப்படியே எடுத்துக்கொள்ளக்கூடாது.

இப்போது தங்கச்சி கலவான என்கிற ஊர்ப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். சின்னம்மா அவளோடு இருக்கிறார், வீட்டைச் சுற்றி நாலு வரிசை தேயிலை வைத்திருக்கிறார். கறுப்புப் பெட்டியையும் துவாயையும் அவள் விடவில்லை. போன வாரம் அவளுடைய மகள் அதைப் பெரிய கலர் டீவியில் மாட்டி, எனக்கு ஒரு படம் அனுப்பினாள். குட்டி நல்ல மரவள்ளித் தோல் கலர். வெள்ளையும் இல்லை, கீரியும் இல்லை. நீர்நாய்க் குட்டியாம். அப்பாவிடம் காட்டினேன். கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, பூனைதான் என்றார்.

படத்துக்குக் கீழே மருமகள் எழுதியிருந்தாள், பாட்டி முடிவைப் பார்க்க வேண்டும் என்கிறார், ஆனால் தாவுகிற பட்டன் மறுபடி மக்கர் பண்ணுகிறது என்று. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. உடனே தங்கச்சிக்கு எழுதினேன். சனிக்கிழமை நானே வருகிறேன், ரப்பர் பால் கையோடு கொண்டுவருகிறேன், இந்த முறை வெளியே அச்சுப் பிடித்துத்தான் ஊற்றுவேன், எனக்கு இப்போது அனுபவம் இருக்கிறது என்று விலாவாரியாக எழுதினேன். கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது.

“சாப்புட வாண்ணே, ரிப்பேருக்கு வராத.”